ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள்

மேல்மட்டம் எஸ்டேட்,
குன்னூர்.
9.6.2024

அன்பு மகள் வாசுகிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே மழை பிடித்துவிட்டது. என் முழங்கால் முதலில் சொன்னது, ரேடியோ அப்புறம் சொன்னது. அதைத் தவிர நானும் அம்மாவும் சுகம். உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது?

நேற்றுதானே போனில் பேசினோம், இன்று எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்தபோது வார்டன் போன் கூடாது என்றதால் வந்த பழக்கம். வார்டன் ரிட்டயர் ஆகிவிட்டார், பழக்கம் ஆகவில்லை. தவிர, போனில் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள். நான் உன்னிடம் கேட்பதற்கு அடுத்த வீட்டுத் தெய்வம்மா அக்கா பதில் சொல்கிறது. கடிதத்தில்தான் நான் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கே வருவதில்லை.

ஃபேக்டரியிலிருந்து வந்து கால் கழுவுவதற்குள் வாசலில் ஆள் நிற்கிறது. கேஸ் சிலிண்டர் பதிய வேண்டும், கரண்ட் பில் கட்ட வேண்டும், ஆஸ்பத்திரி டோக்கன் எடுக்க வேண்டும். கொரோனா ஊசிக்கு நாலு பேருக்குப் பெயர் பதிந்து கொடுத்தேன், அன்று பிடித்த சனி. பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை மண்ணைக் கவ்வியவனை இந்த லைன் வீட்டு ஜனமே எஞ்சினியர் ஆக்கிவிட்டது. “டீத்தூள் வாங்கறது நாம, டீ குடிக்கிறது லைனு” என்கிறாள் உன் அம்மா. உங்கள் கம்பெனி டோக்கன் ஆப்பில் தெய்வம்மா அக்கா கண்ணுக்கு, பாலமுருகன் அம்மா சுகருக்கு என்று எல்லார் பெயரும் என் போனில்தான் இருக்கிறது. திறந்தால் ரேஷன் கடை மாதிரி இருக்கும்.

உன் வேலை என்ன என்று அக்கா கேட்டது. போனில் பொத்தானை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்கிற வேலை என்றேன். “என்னா அழகையா, சுவத்துல சுவிட்சு வைக்கிறவனும் அதைத்தானே செய்யிறான்? அதுக்கா பெங்களூரு?” என்று கேட்கிறது. என்ன பதில் சொல்ல என்று எழுது.

புரமோஷன் என்று சொன்னாய். குரலில் சந்தோஷம் இல்லை. சளியா, வேறா?

உன் அப்பா,
அழகையா


பெங்களூரு
24.6.2024

அன்புள்ள அப்பா,

கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். தலையணையை மாற்றியதில் கழுத்து வலி குறைந்திருக்கிறது. முழங்கால் பட்டையைக் காலில் போடுங்கள். ஆணியில் மாட்ட நான் அனுப்பவில்லை.

தெய்வம்மா பெரியம்மா சொன்னது பாதி சரிதான். ஆனால் பொத்தானை வைப்பதற்கு முன்னால் அதை யார் அழுத்துவார்கள் என்று தெரிய வேண்டும். அவர் கை ஈரமாக இருக்குமா, கண்ணாடி போட்டிருப்பாரா, ஏற்கெனவே பயந்து போயிருப்பாரா என்று போய்ப் பார்த்து, உட்கார்ந்து பேச வேண்டும். இந்த வேலைக்கு வந்ததே அதற்காகத்தான். இப்போது அதற்குத்தான் நேரம் கிடைப்பதில்லை.

குரல் சளி இல்லை. ஜனவரியில் லீட், அதாவது குழுத் தலைவர் பதவிக்கு ஆள் பார்ப்பார்கள். என்னோடு சேர்ந்த இரண்டு பேர் போன வருடமே ஆகிவிட்டார்கள். இந்த முறையும் தள்ளிப் போனால் அப்புறம் என்னை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். என் மேலாளர் மனிஷா மேடம் கோயம்புத்தூர்க்காரர். என் வேலையைப் பார்த்துவிட்டு, “எல்லாம் நல்லாத்தான் இருக்குது வாசுகி. ஆனா அதுக்குள்ள ஒரு ஆளையும் காணோமே. யாருக்காகச் செஞ்சேன்னு கதையாச் சொல்லு” என்றார். ஒரு ஆள், அவருக்கு ஒரு கஷ்டம், அதை நாம் தீர்த்த விதம், இந்த மூன்றும் இருந்தால்தான் பார்ப்பவர் மனதில் நிற்குமாம். படம், எழுத்து, குரல் எல்லாம் சேர்த்து இப்போது கதை சொல்லத் தெரிந்தவர்கள்தான் மேலே போகிறார்கள்.

நானும் ஒன்று எழுதி என் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். நம் வீட்டை வைத்துத்தான். ஆங்கிலத்தில் இருக்கிறது, நீங்கள் சிரமப்பட்டுப் படிக்க வேண்டாம்.

ஒரு உதவி. கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கி, போனைத் தள்ளிப் பிடித்துப் பார்ப்பதுபோல் ஒரு போட்டோ அனுப்புங்கள்.

அம்மாவை எண்ணெய்ப் பலகாரம் பக்கம் விடாதீர்கள்.

வாசுகி


மேல்மட்டம்
21.7.2024

அன்பு மகளுக்கு,

உன் அம்மா எண்ணெய்ப் பலகாரம் பக்கம் போவதில்லை. எனக்கும் சுட்டுத் தருவதில்லை. இருவரும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

போட்டோ உனக்குப் பிடித்ததில் மகிழ்ச்சி. நான் போனை அப்படிப் பிடிக்கிற ஆள் இல்லை, நீ கேட்டாயே என்று பிடித்தேன். எடுத்தது நம்ம லைன் மனோகரன். “அண்ணே, வாயைக் கொஞ்சம் திறங்க, இன்னும் பாவமா இருக்கும்” என்றான். திறந்தேன். அதுதான் நன்றாக வந்தது.

படிக்க வேண்டாம் என்றாய். படிக்க வேண்டாம் என்றால் இந்த வீட்டில் யார் கேட்டிருக்கிறார்கள்? உன் பெயரைப் போட்டுத் தேடினேன், பக்கம் வந்தது. மேலே மொழிபெயர் என்று ஒரு பொத்தான் இருந்தது, அழுத்தினேன். என் படத்துக்குப் பக்கத்தில் கட்டம் கட்டி எழுதியிருந்தது: பெயர் அழகையா. வயது ஐம்பத்தெட்டு. இலக்கு, மனைவியை மருத்துவரிடம் காட்டுதல். பயம், தொழில்நுட்பம். எல்லாம் சரி, பயம் என்ற இடத்தில் உன் அம்மா விடுபட்டுவிட்டாள்.

அதற்குக் கீழே போன வருடம் நாங்கள் மேட்டுப்பாளையம் போய் வந்த கதை. தகப்பனார் பதற்றத்தில் ஆஸ்பத்திரிக் கிளையை மாற்றி அழுத்திவிட்டார், டோக்கன் கோயம்புத்தூர்க் கிளையில், நோயாளி மேட்டுப்பாளையம் கிளையில் என்று போட்டிருந்தது. உருக்கமாகத்தான் இருந்தது. உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “ஏங்க, அன்னைக்கு அவதானே பெங்களூர்ல இருந்து டோக்கன் எடுத்து...” என்று ஆரம்பித்தாள். அடுப்பில் பால் பொங்குது பார் என்றேன். அடுப்பில் பால் இல்லை.

அன்று யார் அழுத்தியது என்பதெல்லாம் எனக்கு நினைவில்லை, வாசுகி. பித்தப்பைக் கல்லோடு அவள் பெஞ்சில் சாய்ந்திருந்ததும், பஸ் ஏறுமுன் ஸ்டாண்டு பேக்கரியில் ஆளுக்கொரு தேங்காய் பன் தின்றதும்தான் நினைவில் இருக்கிறது. அப்புறம் குன்னூரிலேயே ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. முடிந்த கதைக்குக் கால் எது, கை எது என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

நன்றாகத் தூங்கு. பாதிதான் படித்தேன், கண் வலித்தது.

அப்பா


பெங்களூரு
30.8.2024

அன்புள்ள அப்பா,

பதில் எழுதத் தாமதம். வேலை அதிகம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீங்களும் அம்மாவும் குளிருக்கு ஸ்வெட்டர் போடாமல் இருக்காதீர்கள்.

என் பக்கத்தை மனிஷா மேடம் எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறார். இப்போது அதைச் சின்னப் படமாக எடுக்கலாம் என்கிறார்கள். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடமும் கேமராக்காரர் பிரசாத்தும் நானும் வீட்டுக்கு வருகிறோம். நீங்கள் ஆப்பைப் பயன்படுத்துவதை அப்படியே எடுப்பார்கள். அதை வைத்துத்தான் பெரியவர்களுக்கான புதுப் பக்கத்தை நான் வடிவமைக்க வேண்டும். ஜனவரியில் அதுதான் என் கதை.

நீங்கள் எப்போதும்போல் இருங்கள். அதிகமாக ஒன்றும் செய்து காட்ட வேண்டாம். அன்றைக்கு மட்டும் சாயந்திரம் வருகிறவர்களை வேறு நாள் வரச் சொல்ல முடியுமா? கேமராவில் சத்தம் விழும்.

முந்தைய கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன்.

வாசுகி


மேல்மட்டம்
26.9.2024

அன்பு மகளுக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். உன் ஸ்வெட்டரை மறந்து வைத்துவிட்டாய். அதை இப்போது தெய்வம்மா அக்கா போட்டுக்கொண்டிருக்கிறது, கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நாங்கள் நலம்.

எல்லாரும் இருந்ததால் அன்று உன்னோடு ஒரு வார்த்தை தனியாகப் பேச முடியவில்லை. அதனால் நான் எப்படிச் செய்தேன் என்று இப்போது கேட்கிறேன்.

முதல் நாளே லைன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன், நாளைக்கு யாரும் வராதீங்க, எனக்குப் போன் தெரியாது என்று. “ராத்திரியோட ராத்திரியா மறந்துருச்சா?” என்றான் மனோகரன். அக்காவுக்கு மட்டும் விஷயத்தைச் சொன்னேன். “புள்ளைக்காக ஊமையா நடிக்கச் சொன்னாலும் நடிக்கணும்தான். உனக்கு வாயி அடங்குமான்னுதான் யோசிக்கிறேன்” என்றது.

கேமரா முன்னால் போனைத் தலைகீழாகப் பிடித்தேன் பார், அது முன்கூட்டி யோசித்தது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டது அந்த நேரத்தில் தோன்றியது. “அந்தப் பச்சைப் பொத்தான் எங்கம்மா இருக்கு?” என்று மேடத்தைக் கேட்டபோது அவர்கள் கண் கலங்கியதைப் பார்த்தேன். ரொம்ப இரக்கமான பிள்ளை. “ஏனுங்கப்பா, இத்தனை நாளா இப்படித்தான் கஷ்டப்பட்டுட்டு இருந்தீங்களா?” என்று கேட்டபோது எனக்கே என் மேல் பாவமாகிவிட்டது.

உன்னை ஒரு தடவை பார்த்தேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதனால் சரியாகத்தான் செய்கிறேன் என்று எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் மேடம் ஒன்று கேட்டார்களே, உங்க போனை வச்சு வேற யாராவது டோக்கன் எடுக்கறாங்களா என்று. என் கண் ஜன்னலுக்குப் போனது. ஏனென்றால் வராதே என்று சொன்னவர்கள் எல்லாம் வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். ஷூட்டிங் பார்க்க வந்ததாம். ஒருத்தர் கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு, ஒருத்தர் கையில் கேஸ் புத்தகம். வந்ததுதான் வந்தோம், முடிந்ததும் வேலையையும் பார்த்துக்கொள்ளலாம் என்று நிற்கிறார்கள். நல்ல வேளை, மேடம் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். “என் போனு எனக்கே புரிய மாட்டேங்குது, இதை நம்பி எவன் வரப்போறான்?” என்றேன். வெளியே யாரோ சிரித்தார்கள். இருமலைப் போட்டு மூடினேன்.

பெரிய நடிகன் ஒருவன் டீ ஃபேக்டரியில் இலை வாட்டிக்கொண்டு வீணாகிவிட்டான் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

சரியாக இருந்ததா என்று ஒரு வரி போடு.

அப்பா


பெங்களூரு
22.10.2024

அன்புள்ள அப்பா,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

படம் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. அலுவலகத்தில் பெரிய திரையில் போட்டார்கள். என்னிடம் இதுவரை பேசாதவர்கள்கூட வந்து கை கொடுத்தார்கள்.

படத்தை வெட்டி ஒட்டியது நான்தான். ஜன்னல் பக்கம் வெளிச்சம் அதிகமாக இருந்ததால் அந்த ஓரத்தை நறுக்கிவிட்டேன்.

புதுப் பக்கம் தயாராகிவிட்டது. பெரிய எழுத்து, ஒரே பொத்தான், போனுக்கு ஒரே ஆள், முகத்தைக் காட்டினால் டோக்கன். ஏஜெண்டுகள் ஒரு போனில் இருபது பெயரைப் போட்டு டோக்கனை மொத்தமாக அள்ளுகிறார்களாம். அதையும் இது தடுக்கும். ஒரு போனில் வீட்டார், அக்கம்பக்கத்தார் என்று பலர் இருப்பார்களே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அப்படி யாரும் இல்லை என்று வாசுகியின் அப்பாவே படத்தில் சொல்கிறாரே என்றார்கள். அதோடு கூட்டம் முடிந்தது.

தீபாவளிக்கு வர முடியாது போலிருக்கிறது. அம்மாவுக்குச் சேலை தபாலில் வரும்.

வாசுகி


மேல்மட்டம்
24.11.2024

அன்பு மகளுக்கு,

சேலை வந்தது. அம்மா கட்டிக்கொண்டு மூன்று வீடு போய் வந்தாள். மழையில் மலைப்பாதை இரண்டு தடவை அடைபட்டது, அதுதான் கடிதம் தாமதம். உன் உடம்பு எப்படி? தீபாவளி அன்று போனில் குரல் கம்மியது.

உங்கள் புதுப் பக்கம் என் போனுக்கும் வந்துவிட்டது. பச்சைப் பொத்தான் பூசணிக்காய் அளவுக்கு இருக்கிறது. இனி இதைத் தவறவிட வேண்டுமென்றால் தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டும். என் முகத்தைக் காட்டினால் “வணக்கம் அழகையா” என்கிறது. இந்த வயதில் என்னைப் பார்த்ததும் வணக்கம் சொல்கிற ஒரே ஜீவன் அதுதான். ரொம்ப நன்றாகச் செய்திருக்கிறாய்.

இப்போதெல்லாம் சாயந்திரம் கூட்டம் குறைவு. எனக்கும் ஓய்வு. டீத்தூளும் மிச்சம்.

ஜனவரிக்கு நன்றாகத் தயார் செய். வேறு எதையும் மனதில் போட்டுக்கொள்ளாதே.

அப்பா

வாசுகி கண்ணு, அம்மா எழுதறேன். ஒட்டறதுக்குக் கொடுத்தாரு, ஓரத்துல இடம் இருந்துச்சு. அப்பா சரியா சாப்பிடறதில்லை. சாயங்காலமானா போனை எடுக்கறாரு, அதுங்கிட்ட முகத்தைக் காட்டறாரு, திரும்ப வைக்கிறாரு. தெய்வம்மா அக்கா நம்ம ஊட்டுப் பக்கம் வந்து ரெண்டு வாரம் ஆச்சு. ஏன்னு அப்பாகிட்டயே கேளு. நான் சொன்னேன்னு சொல்லாதே.


பெங்களூரு
2.12.2024

அப்பா,

நலம்தானே? பெரியம்மாவின் கண் எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் எல்லாம் நல்லது என்கிறீர்கள். எழுதுங்கள். முழுவதும் எழுதுங்கள்.

வாசுகி


மேல்மட்டம்
11.12.2024

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். பனி விழ ஆரம்பித்துவிட்டது. உன் அம்மா கடித ஓரத்தில் எழுதியதை நான் பார்க்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், அப்படியே இருக்கட்டும்.

முழுவதும் எழுது என்றாய். மூன்று தாளைக் கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

புதுப் பக்கம் வந்த அன்றே என் போனில் இருந்த மற்றவர்கள் பெயரெல்லாம் போய்விட்டது. ரேஷன் கடை காலி. ஒவ்வொருவரும் சொந்தப் போனில் சொந்த முகத்தைக் காட்ட வேண்டுமாம். இங்கே பாதிப் பேரிடம் பட்டன் போன். தெய்வம்மா அக்காவிடம் அதுவும் இல்லை. அக்காவுக்கு ஒரு கண் முன்பே போய்விட்டது, உனக்குத் தெரியும். இருக்கிற கண்ணில் அழுத்தம் ஏறாமல் இருக்க மாதம் தவறாமல் கோயம்புத்தூர் போய்க் காட்டி, சொட்டு மருந்து வாங்கி வர வேண்டும். நவம்பருக்கு டோக்கன் எடுக்க என் போன் முன்னால் அக்காவை உட்கார வைத்தேன். “இது அழகையாவின் போன்” என்று சொல்லிவிட்டது. மறுபடி காட்டினேன், மறுபடியும் அதையே சொன்னது. “உன் மக செஞ்சதா அழகையா? நல்லா வெவரமாத்தான் செஞ்சிருக்கு” என்று எழுந்து போய்விட்டது. திட்டியிருந்தால் தேவலை.

டோக்கன் இல்லாமலே விடிகாலை பஸ்ஸில் கீழே போய் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. மருந்து தீர்ந்துவிட்டது. இப்போது விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிகிறது என்கிறதாம்.

போன வாரம் லீவு போட்டு நானே கூட்டிப் போனேன். பஸ் மேட்டுப்பாளையத்தைத் தாண்டும்வரை அக்கா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தது. கவுண்டரில் கெஞ்சிக் கெஞ்சி மதியத்துக்கு மேல் பார்த்தார்கள். அழுத்தம் ஏறியிருக்கிறது. இறங்கிவிடும், ஆனால் இனி ஒரு மாதம்கூடத் தவறக் கூடாது என்றார் டாக்டர். லைனில் அக்கா மாதிரி இன்னும் சில பேர் இருக்கிறார்கள். எல்லாரையும் கூட்டிப் போக எனக்கு லீவு இல்லை.

மேடம் கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய வாய் என்னுடையது. இதில் உன் தப்பு எதுவும் இல்லை. “எப்போதும்போல் இருங்கள்” என்றுதானே நீ எழுதினாய்?

இதை இப்போது அங்கே சொன்னால் உன் ஜனவரி என்ன ஆகும் என்று எனக்குப் புரியாமல் இல்லை. அதனால் எதுவும் செய்யாதே. ஜனவரி முடியட்டும், பதவி கைக்கு வரட்டும். அப்புறம் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். அதுவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இதை எழுதியது சரியா என்று தெரியவில்லை. ஒட்டிவிட்டால் சரியாகிவிடும்.

அப்பா


மேல்மட்டம்
5.1.2025

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. போன் செய்தால் மீட்டிங் என்று செய்தி வருகிறது. கிறிஸ்துமஸ் லீவுக்குக்கூட மீட்டிங் வைப்பார்களா?

நான் எழுதியதைத் தூக்கிப் போட்டுவிடு. தெய்வம்மா அக்காவுக்கு இந்த மாதமும் நானே லீவு போட்டுவிட்டேன். ஃபேக்டரியில் சூப்பர்வைசர் முறைத்தார், நான் திரும்ப முறைக்கவில்லை, அந்த அளவுக்கு விவரம் இருக்கிறது.

பதவி, ஆப் எல்லாம் இருக்கட்டும். சாப்பிட்டேன் என்று மட்டும் ஒரு வரி எழுது. தபால்காரர் என்னைப் பார்த்தால் இப்போது தூரத்திலேயே தலையை ஆட்டிவிடுகிறார்.

அப்பா


பெங்களூரு
27.1.2025

அன்புள்ள அப்பா,

சாப்பிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்கள் டிசம்பர் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே அலைந்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியே வரவில்லை.

கூட்டம் போன வெள்ளிக்கிழமை முடிந்தது. நேற்று போனில் “எல்லாம் முடிந்தது, எழுதுகிறேன்” என்று மட்டும் சொன்னேன். அம்மா ஸ்பீக்கரைப் போட்டிருப்பார் என்று தெரியும்.

என் முறை வந்ததும் படத்தைப் போட்டேன். நறுக்காத படத்தை. நீங்கள் போனைத் தலைகீழாகப் பிடிக்கிறீர்கள், கண்ணாடி துடைக்கிறீர்கள், மேடம் கேட்கிறார், நீங்கள் பதில் சொல்கிறீர்கள். படத்தின் ஓரத்தில், ஜன்னலுக்கு வெளியே எல்லாரும் நிற்கிறார்கள். தெய்வம்மா பெரியம்மா முன்னால், ஆஸ்பத்திரிச் சீட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. மனோகரன் மாமா கையால் வாயைப் பொத்திக்கொண்டு. படத்தை அங்கேயே நிறுத்தினேன். ஜன்னல் பக்கம் வெளிச்சம் அதிகம் என்று நான் உங்களுக்கு எழுதினேனே, அப்பா, அன்று மூட்டம்.

இவர்கள் எங்கள் அப்பாவிடம் டோக்கன் எடுக்க வந்தவர்கள் என்று சொன்னேன். ஒவ்வொருவர் பெயராக எல்லார் பெயரையும் சொன்னேன். பெரியம்மாவின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். பிறகு, மேட்டுப்பாளையம் கிளை என்று நினைத்துக் கோயம்புத்தூர்க் கிளையை அழுத்தியது நான், இதே ஊரில், இதே மேஜையில் உட்கார்ந்து என்று சொன்னேன். இந்த வேலை தெரிந்தவளுக்கே அது புரியவில்லை என்றால் தப்பு திரையில் இருக்கிறது என்று அன்றே சொல்லியிருக்கலாம். அந்தக் கதையில் நான் நன்றாகத் தெரிய மாட்டேன் என்று உங்களை உட்கார வைத்துவிட்டேன்.

யாரும் கை கொடுக்கவில்லை. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். மனிஷா மேடம் மட்டும் எல்லாரும் போன பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “நானும் அங்கதானே உக்காந்திருந்தேன். முதுகைக் காட்டிட்டு உக்காந்துட்டு, யாராச்சும் வர்றாங்களான்னு கேட்டிருக்கேன் பாரு” என்றார். என்னைத் திட்டினார், அப்புறம். அதை எழுதவில்லை, அம்மா படிப்பார்.

லீட் இந்த வருடம் இல்லை. அடுத்த வருடம் என்றும் யாரும் சொல்லவில்லை. இரண்டு நாள் ரொம்பப் பயமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

ஆனால் புதுப் பக்கத்தை நிறுத்திவிட்டார்கள். பழைய பெயர்களைத் திரும்பத் திறக்கும் வேலை நடக்கிறது. ஒரு போனில் பலருக்கு எடுத்துத் தருகிறவரை ஏஜெண்டிடமிருந்து எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அதைப் பார்க்க என்னை அங்கே அனுப்புகிறார்கள். பிப்ரவரியில் இரண்டு வாரம் வருகிறேன். சாயந்திரம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாமா?

வாசுகி


மேல்மட்டம்
4.2.2025

அன்பு மகளுக்கு,

கடிதம் வந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், பனி என்று சொல்லிவிட்டேன். இங்கே சுகம். உன் பயம் இங்கேயும் வந்து சேர்ந்திருக்கிறது. இருவரும் ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்கிறோம்.

நேற்றுச் சாயந்திரம் போனைத் திறந்தேன். ரேஷன் கடை திரும்பி வந்துவிட்டது. தெய்வம்மா அக்கா பெயர்தான் முதலில் இருந்தது. சுவரைத் தட்டிக் கூப்பிட்டேன். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, டோக்கன் விழும்வரை மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. விழுந்ததும், “சுவத்துல சுவிட்சு வைக்கிறவன் இப்பிடித் திரும்பக் கழட்டி மாட்ட மாட்டான். கேட்டேன்னு சொல்லு” என்றது. ஸ்வெட்டரைத் திருப்பித் தருவதாகவும் சொன்னது. நான் அவசரப்படுத்தவில்லை. வாரம் முடிந்தால் அக்காவுக்கு மறுபடி பரிசோதனை. அழுத்தம் இறங்கியிருக்குமா என்று போனால்தான் தெரியும்.

மனிஷா மேடம் என்னைப் போனில் கூப்பிட்டார்கள். “ஏனுங்கப்பா, அன்னைக்கு அத்தனையும் நடிப்புங்களா?” என்று கேட்டார்கள். “ஆமாங்கம்மா. கேஸ் சிலிண்டர் ஏதும் பதியணும்னா சொல்லுங்க, பதிஞ்சு தர்றேன்” என்றேன். அப்புறம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு உன் மேல் கோபம் இருக்கிற சிரிப்பாகத் தெரியவில்லை. ஆனால் நான் பத்தாவது பெயில், என் கணிப்பை நம்பிவிடாதே.

பக்கத்தில் உட்காரலாமா என்று கேட்கிறாய். நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன். ஆறு மணிக்கு மேல் வந்தால் வரிசையில்தான் வர வேண்டும், அக்கா யாரையும் முன்னால் விடாது.

மேட்டுப்பாளையத்தில் அன்று யார் அழுத்தியது என்று எனக்கு நினைவு வந்துவிட்டது. வந்துதான் என்ன. இந்த முறை மைசூர் வழியாக வராமல் அந்த வழியாக வா. பஸ் ஸ்டாண்டு எதிரில் அந்தப் பேக்கரி இருக்கிறது. தேங்காய் பன் மூன்றாக வாங்கு. அன்று இரண்டுதான் வாங்கினோம்.

உன் அப்பா,
அழகையா